அதே இருநூறு குதிரைதான், ஓட்டம் ஏன் வேறு?

அக்காள் மகனுக்கு இருபத்து மூன்று வயது. செம்பனை ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. கையில் நாலு காசு நின்றதும் பையன்களுக்கு வரும் நோய் அவனுக்கும் வந்துவிட்டது: இரண்டு கதவு ஜப்பான் காடி வேண்டுமாம். சுங்கை சிப்புட் பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் ஆறுவதற்குள் கைப்பேசியில் நான்கு படங்களைக் காட்டிவிட்டான். ஹோண்டா இண்டெக்ரா டைப் ஆர், ஹோண்டா பிரலூட், மிட்சுபிஷி எஃப்டிஓ, டொயோட்டா 86.

"நாலுலயும் 200 குதிரைத்திறன்னுதான் மாமா போட்டிருக்கு. அப்ப எதை வாங்கினாலும் ஒண்ணுதானே?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த நான்கையும் அடுத்தடுத்து ஓட்டினால், நான்கு வெவ்வேறு குணமுள்ள ஆட்களோடு பழகிய மாதிரி இருக்கும். விளம்பரத்தில் 200 என்ற எண் பெரிதாக இருக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும்: எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, அந்த 200 வருகிறது என்பது. 1995-இல் வந்த இண்டெக்ரா டைப் ஆரில் அது 8,000. எஃப்டிஓவில் 7,500. முதல் தலைமுறை 86-இல் 7,000. தொண்ணூறுகளின் தொடக்கத்துப் பிரலூட்டில் 6,800. அவன் கேட்ட கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

குதிரைத்திறன் தனியாக நிற்கும் ஒன்றல்ல, ஒரு பெருக்கல் கணக்கு. தோட்டத்தில் பழம் வெட்டும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெரிய பெரிய குலைகளாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, நிதானமாகப் பத்து நடை போகிறார். மற்றவர் பாதிச் சுமையோடு ஓட்டமும் நடையுமாக இருபது நடை போகிறார். சாயங்காலம் சாலையோரத்தில் குவிந்திருக்கும் பழத்தின் எடை இருவருக்கும் ஒன்றுதான். ஒரு நடைக்கு எவ்வளவு சுமை என்பது இஞ்சினில் முறுக்குவிசை. பட்டறையில் டார்க் என்பார்கள், நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். எத்தனை நடை என்பது ஆர்பிஎம். இரண்டையும் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும்.

போட்டுப் பார்ப்போம். இண்டெக்ரா டைப் ஆரின் உச்ச டார்க் ஏறத்தாழ 181 நியூட்டன் மீட்டர். 86-க்கு 205. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: 1991-க்குப் பிந்தைய நிசான் சில்வியா எஸ்13. காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ வைத்த 2 லிட்டர் இஞ்சின், 205 குதிரைத்திறன், டார்க் மட்டும் 275. அதுவும் 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். இப்போது எல்லாக் காடியையும் 4,000-இல் நிறுத்தி எண்ணுங்கள். சில்வியா அங்கேயே 157 குதிரைத்திறன் தருகிறது. 86 தன் முழு 205-ஐயும் அங்கே கொடுத்தால்கூட 117-ஐத் தாண்டாது. உண்மையில் அது முழுதாகக் கொடுப்பதும் இல்லை. அதன் உச்ச டார்க் 6,400-க்கு மேல்தான். இண்டெக்ராவுக்கு 103-க்குக் கீழே. உச்சத்தில் எல்லாம் இருநூறு என்று எழுதியிருந்தும், நாம் அன்றாடம் ஓட்டும் வேகத்தில் ஐம்பது குதிரைக்கு மேல் வித்தியாசம் வந்து நிற்கிறது.

உடனே சில்வியாதான் வேகம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இண்டெக்ரா ஓட்டுகிறவர் 4,000-இல் இருக்க மாட்டார். கியரைக் குறைத்து ஆர்பிஎம் முள்ளை 6,000-க்கு மேலே கொண்டுபோய் வைத்துக்கொள்வார். கியர் என்பதே டார்க்கைப் பெருக்கித் தரும் நெம்புகோல்தானே! அதோடு எடையும் இருக்கிறது. இண்டெக்ரா டைப் ஆர் 1,100 கிலோவை ஒட்டி நிற்கும். ஒரு குதிரைத்திறனுக்கு ஐந்தரை கிலோ. மிட்சுபிஷியின் பெரிய காடியான ஜிடிஓவுக்கு 3 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 280 குதிரைத்திறன் என்று அடைமொழிகள் ஏராளம். ஆனால் எடை 1,700 கிலோ அளவு. கணக்குப் போட்டால் ஒரு குதிரைத்திறனுக்கு ஆறு கிலோ. அது தூக்கி நடக்கும் சுமை இண்டெக்ராவை விடக் கூடுதல்.

சரி, ஒரே 200-ஐத் தொட இத்தனை வழி எதற்கு? இங்கேதான் ஒவ்வொரு நிறுவனத்தின் கை ராசி தெரியும்.

ஹோண்டாவின் வழி, வேகமாகச் சுற்றுவது. எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றில் ஒரு பி தொடர் ஹோண்டா இஞ்சினைத் திறந்து வைத்திருந்தார்கள். மேசை மேல் கிடந்த, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை அக்காள் மகன் கையில் கொடுத்து, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று மேடுகள். ஓரத்து இரண்டும் தாழ்வு, நடுவில் இருப்பது மட்டும் உயரம். சாதாரண ஓட்டத்தில் வால்வுகளைத் திறப்பது ஓரத்து மேடுகள். நடு மேடு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டைப் ஆரில் முள் 6,000-ஐ நெருங்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் ஒரு சின்ன ஊசி நகர்ந்து, மேடுகளுக்கும் வால்வுகளுக்கும் இடையில் உள்ள மூன்று கைகளையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அந்த நொடியிலிருந்து உயரமான நடு மேடுதான் எல்லா வால்வையும் ஆள்கிறது. வால்வு அதிகமாகத் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும், காற்று கூடுதலாக உள்ளே போகும். சத்தமே மாறிவிடும். விடெக் என்று பையன்கள் சொல்வது இதைத்தான். எப்போதும் அந்த உயர மேட்டையே வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைத்தால் சிக்னலில் நிற்கும்போது இஞ்சின் இருமிக்கொண்டே இருக்கும், பட்டணத்துக்குள் உருட்ட முடியாது. ஒரே இஞ்சினுக்கு இரண்டு சுபாவம் கொடுத்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பு. 1989-இல் இண்டெக்ராவில் முதன்முதலாக வந்தபோதே 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் எடுத்தார்கள்.

டைப் ஆரின் சிவப்புக் கோடு, அதாவது இஞ்சின் தாண்டக் கூடாத எல்லை, 8,400. விநாடிக்கு 140 சுற்று. பிஸ்டன் ஒரு சுற்றுக்கு 87 மில்லிமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே வரவேண்டும். கணக்குப் போட்டால் அந்த அலுமினியத் துண்டு சராசரியாக விநாடிக்கு 24 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, விநாடிக்கு 280 தடவை நின்று திரும்புகிறது. இதைத் தாங்கும்படி செய்து, கடையில் விற்கும் காடியில் போட்டுக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் மலைப்புத்தான்.

பிரலூட்டும் விடெக்தான். ஆனால் 2.2 லிட்டர், ஆகவே இத்தனை அலறல் தேவையில்லை. 219 நியூட்டன் மீட்டர் 5,500-இல் கிடைத்துவிடும். வீட்டுக்கும் ஆகும், வேகத்துக்கும் ஆகும். பையன்கள் இதை ஏன் அதிகம் பேசுவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எஃப்டிஓ இன்னொரு விதம். 2 லிட்டரை நான்கு பெரிய சிலிண்டராக இல்லாமல் ஆறு சின்னதாகப் பிரித்து வி வடிவில் வைத்தார்கள். சின்ன பிஸ்டன், குறைந்த தூர ஓட்டம், அதனால் வேகமாகச் சுற்ற முடியும், அதிர்வும் குறைவு. வால்வு விஷயத்தில் ஹோண்டாவைப் போலவே இரட்டைச் சுபாவம். மிட்சுபிஷி வைத்த பெயர் மைவெக். 1994-95-க்கான ஜப்பானின் ஆண்டின் சிறந்த காடி விருது வாங்கியது. ஆனால் ஆறு சிலிண்டரையும் குறுக்காக முன்னால் அடைத்திருப்பதால், பின்பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் மெக்கானிக் உங்களை மனதுக்குள் திட்டுவார்.

86-க்கு டொயோட்டா சுபாருவிடம் போனது. சுபாரு இஞ்சினில் சிலிண்டர்கள் நின்றபடி இருக்காது, இரண்டு பக்கமும் படுத்திருக்கும். தலையில் குடம் வைத்து நடப்பதற்கும், இடுப்பில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இஞ்சின் தாழ்வாகப் படுத்திருப்பதால் வளைவில் காடி சாய்வது குறையும். 2012-இல் 86 வந்தபோது, இந்தக் காலத்தில் டர்போ இல்லாமல் ஒரு ஸ்போர்ட்ஸ் காடியா என்று பலரும் கேட்டார்கள். நேர்ச்சாலை வேகம் அதன் நோக்கமே அல்ல. வளைவில் கைக்குள் அடங்குவதுதான் நோக்கம். ஆனால் நடு ஆர்பிஎம்மில் டார்க் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும், அந்தக் குறை உண்மைதான். அடுத்த தலைமுறையான ஜிஆர் 86-இல் இஞ்சினை 2.4 லிட்டராக்கினார்கள். குதிரைத்திறன் 200-இலிருந்து 235 ஆனது. டார்க் 250-க்குப் போனது, அதுவும் 3,700-இலேயே. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்க முன்பு 7.6 விநாடி ஆனது, இப்போது 6.3. டார்க் கூடி, அது வரும் ஆர்பிஎம்மும் கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சில்வியாவின் டர்போ கதை வேறு. புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் சூடான காற்றை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் மோத விடுகிறார்கள். அது சுற்றும்போது அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரமும் சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூடும், 2 லிட்டர் இஞ்சின் பெரிய இஞ்சின் மாதிரி வேலை செய்யும். கிட்டத்தட்ட இலவச சோறு. ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் தீப்பொறிக்குக் காத்திருக்காமல் தானாகவே வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடித்த மாதிரி தட்டும். அதனால்தான் டர்போ இஞ்சினில் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, குறைத்து வைக்கிறார்கள்: சில்வியாவில் 8.5, டர்போ இல்லாத இண்டெக்ரா டைப் ஆரில் 11.1. பெட்ரோல் இந்தத் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண் ரோன். ஜப்பானில் உயர்தரப் பெட்ரோல் என்றால் பெரும்பாலும் ரோன் 100-ஐ ஒட்டி. இந்தக் காடிகள் அதைக் குடித்து வளர்ந்தவை. இங்கே ரோன் 95 போட்டு முழு மூச்சில் அழுத்தினால் அந்தச் சுத்தியல் சத்தத்துக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரிதான்.

இன்னொரு விலையும் உண்டு, காத்திருப்பு. பல வருடங்களுக்கு முன் பழைய டர்போ இஞ்சின் மாற்றிய ஒரு காடி வைத்திருந்தேன். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் பழக்குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எதிரே காலி. மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மிதித்தேன். லோரியின் பின்சக்கரத்துக்கு நேராக வந்த பிறகுதான் முதுகில் யாரோ உதைத்த மாதிரி காடி பாய்ந்தது, அதற்குள் எதிரே வளைவும் வந்துவிட்டது. டர்போச் சக்கரம் வேகம் எடுக்கும்வரை இஞ்சின் வெறும் 2 லிட்டர்தான், அதுவும் அழுத்த விகிதம் குறைந்த சோம்பேறி 2 லிட்டர். அன்று லோரி ஓட்டுநர் கொஞ்சம் ஓரம் கொடுத்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் மாஸ்டா. படத்தில் இல்லாத ஆறாவது ஆள். 1989-க்குப் பிந்தைய ஆர்எக்ஸ்-7 டர்போவும் 205 குதிரைத்திறன்தான். அதில் பிஸ்டனே கிடையாது. கொழுக்கட்டை மாதிரி பக்கம் உப்பிய முக்கோணம் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் உருண்டு உருண்டு சுற்றும். மூன்று பக்கத்திலும் மூன்று அறைகள். ஒன்று காற்றை இழுக்கும்போது இன்னொன்று அமுக்கும், மற்றொன்று வெடிக்கும். அப்படி இரண்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1,308.

எங்கள் ஊரில் இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் யமஹா ஆர்எக்ஸ்இசட் பார்க்காத பையன் இங்கே இல்லை. அந்த டூ ஸ்ட்ரோக் மோட்டார் ஏன் சின்ன இஞ்சினிலேயே அப்படிப் பறக்கிறது? சாதாரண இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடித்தால், அது ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். மாஸ்டாவின் முக்கோணமும் அப்படியே: தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆகவே 1,308 சிசி என்று எழுதியிருந்தாலும், அது மூச்சு விடுவது 2.6 லிட்டர் இஞ்சின் அளவுக்கு. ஜப்பானின் வரிக்காரர்களும் ஏமாறவில்லை. ஒன்றரையால் பெருக்கி 1,962 என்று கணக்கு வைத்தார்கள். ஆர்எக்ஸ்இசட்டோடு உறவு இன்னும் இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று முனையிலும் மெல்லிய பட்டைகள் கூட்டை உரசிக்கொண்டே ஓடும். அவற்றை வழுக்க வைக்க, இஞ்சின் தானே கொஞ்சம் எண்ணெயை எரிப்பறைக்குள் விட்டு எரித்துக்கொள்ளும். ஆகவே எண்ணெய் அளவுக் குச்சியை வாராவாரம் இழுத்துப் பார்க்காதவர்கள் இந்தக் காடி பக்கம் போகவே கூடாது. பட்டை தேய்ந்தால் அழுத்தம் போய்விடும், இஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். 1991-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை நான்கு முக்கோண இஞ்சினோடு மாஸ்டா வென்றது என்பதும் உண்மை. பெட்ரோல் குடிக்கும் என்பதும் உண்மை.

மேல் வகுப்புக் காடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-இலிருந்து 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரத்தில் போடுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. அதனால் ஸ்கைலைன் ஜிடி-ஆர், சுப்ரா, ஜிடிஓ எல்லாவற்றுக்கும் காகிதத்தில் 280. ஜிடி-ஆரின் 2,568 சிசி என்ற விநோத அளவுக்குக் காரணம் பந்தய விதி: டர்போ இருந்தால் 1.7-ஆல் பெருக்குவார்கள், 4,500 சிசி வகுப்புக்குள் அடங்க வேண்டும். சுப்ராவின் 2ஜேஇசட் இஞ்சினைப் பற்றி இணையத்தில் பக்தி இலக்கியமே இருக்கிறது. இரும்புக் கட்டை, ஆறு சிலிண்டர் வரிசை, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும் என்பதெல்லாம் சரி. ஆனால் ஜப்பானின் ஜிடி பந்தயத்தில் டொயோட்டா தன் சுப்ராவுக்கு அந்த இஞ்சினைப் போடாமல், பல ஆண்டுகள் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போவைத்தான் போட்டது. இலகுவானது, நீளம் குறைவு, மூக்குப் பாரம் இல்லை. 1997-இல் பட்டமும் வென்றது. பக்தர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் கோபப்படுவார்கள்.

இனி, அக்காள் மகன் கேட்க மறந்த கேள்வி: சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெட்ரோல் காடிக்கு வரி சிசியைப் பார்த்துத்தான். குதிரைத்திறனை யாரும் கேட்பதில்லை. 1.6 லிட்டர் வரை 90 வெள்ளிக்குள். இண்டெக்ராவின் 1,797 சிசிக்கு 278 வெள்ளி 80 காசு. 86, சில்வியா இரண்டும் 1,998 சிசி, 379 வெள்ளி. ஜிஆர் 86-இன் 2,387-க்கு 767. சுப்ராவின் 2,997-க்கு 2,122 வெள்ளி 50 காசு. 2,000-ஐத் தாண்டியதும் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி, 2,500-க்கு மேல் இரண்டரை. ஜப்பானிலும் 2,000 சிசி ஒரு முக்கியமான வரிக் கோடு. அந்த நான்கு படங்களில் இரண்டு ஏன் 2 லிட்டரை உரசிக்கொண்டு நிற்கின்றன, சில்வியாவும் ஏன் அங்கேயே வந்து நின்றது என்பதற்கு அதில் பாதி விளக்கம் இருக்கிறது.

அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். இப்போது வைத்திருக்கும் காடியில் ஆலைக்குப் போய் வரும்போது முள் எதுவரை போகிறது? யோசித்துப் பார்த்து, மூவாயிரம், மிஞ்சினால் மூவாயிரத்து ஐந்நூறு என்றான். அப்படியென்றால் டைப் ஆரின் நடு மேட்டை மாதத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் பெரிது. பிரலூட்டோ ஜிஆர் 86-ஓ அவன் ஓட்டத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். அவன் கண் இன்னும் இண்டெக்ரா மேல்தான் இருக்கிறது. அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன்; அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவன் நானும்தான்.

எதை வாங்கினாலும் விலை பேசும் முன் முன்மூடியைத் திறந்து, இஞ்சின் எண்ணை டார்ச் அடித்துப் படித்து, காடியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ளதோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன். இங்கே ஓடும் பழைய ஜப்பான் காடிகள் பலவற்றில் இருப்பது ஜப்பானிலிருந்து வெட்டி வந்த ஹாஃப்கட் இஞ்சின். மாற்றியது குற்றமில்லை. ஆனால் புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் காட்டி, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பதிந்திருக்க வேண்டும். எண் ஒத்துப்போகவில்லை என்றால், குதிரை இருநூறோ இருநூற்றைந்தோ, தே தாரிக்குக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.